கூட்டணி இருந்தால் போர் தானாகப் பரவிவிடுமா? உலகப் போர் ஒப்பந்தங்கள் காட்டும் உண்மை

எங்கோ இரண்டு நாடுகள் மோதிக்கொண்டால் மறுநாளே உலக வரைபடத்தை இரண்டு நிறமாகப் பிரித்துவிடுகிறார்கள். இந்த நாடு நேட்டோ ராணுவக் கூட்டணியில் இருக்கிறது, அமெரிக்கா வந்தே தீரும். அந்த நாட்டுக்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம் இருக்கிறது, ரஷ்யா சும்மா இருக்காது. ஆகவே மூன்றாம் உலகப் போர் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஒரு நாடு போரில் இறங்கினால் அதன் கூட்டாளிகள் எல்லாரும் தானாகவே இறங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இந்தக் கணக்குக்கு ஆதாரம். அதற்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படுவது முதல் உலகப் போர் தொடங்கிய 1914.

1914-ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூட்டணியில் இருந்த இத்தாலி போருக்கு வரவில்லை. பிரான்சுக்கு உதவியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் தனக்கு இல்லை என்று கடிதத்தில் எழுதி வைத்திருந்த பிரிட்டன் வந்தது. ஒப்பந்தத்தின் வாசகம் என்ன, தளபதிகளின் கையில் இருக்கும் போர்த் திட்டம் என்ன, அந்த நாட்டுக்கு அதில் லாப நட்டம் என்ன என்ற மூன்றும் சேர்ந்துதான் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதைத் தீர்மானித்திருக்கின்றன. கூட்டணி என்ற பெயருக்கு அதில் இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

முதலில், எதையெல்லாம் கூட்டணி என்கிறோம்?

செய்திகளில் கூட்டணி என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு உறவுகள் அடைபட்டுவிடுகின்றன.

1. தற்காப்புக் கூட்டணி. உன்னை யாராவது தாக்கினால் நான் வருவேன். நீயாகப் போய் யாரையாவது தாக்கினால் எனக்குப் பொறுப்பில்லை. 1882-இன் முத்தரப்புக் கூட்டணியும் 1949-இன் நேட்டோவும் இந்த வகை.

2. நிபந்தனையற்ற கூட்டணி. போரை யார் தொடங்கினாலும் கூட நிற்க வேண்டும். ஜெர்மனியும் இத்தாலியும் 1939 மே 22-இல் செய்துகொண்ட எஃகு ஒப்பந்தம் இப்படிப்பட்டது. வரலாற்றில் இது அபூர்வம்.

3. நடுநிலை ஒப்பந்தம். நீ இன்னொருவரோடு போரிட்டால் நான் குறுக்கே வரமாட்டேன். ஜெர்மனியும் சோவியத் யூனியனும் 1939 ஆகஸ்ட் 23-இல் கையெழுத்திட்டது இதுதான். போலந்தைப் பங்குபோடும் ரகசிய இணைப்பும் அதோடு சேர்ந்து வந்தது.

4. இணக்கம். பழைய தகராறுகளைப் பேசித் தீர்த்துக்கொள்வது. படை அனுப்புவதாக எந்த வாக்குறுதியும் இதில் கிடையாது. 1904-இல் பிரிட்டனும் பிரான்சும் எகிப்து, மொராக்கோ பற்றியும், 1907-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் பற்றியும் செய்துகொண்டவை இணக்கங்களே.

எந்த ஒப்பந்தத்திலும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம், உதவும் கடமை எப்போது பிறக்கிறது என்று சொல்லும் வாசகம். இதை இந்தக் கட்டுரையில் நிபந்தனை வாசகம் என்று அழைப்போம். லட்சக்கணக்கான உயிர்களின் கதி அந்த ஓரிரு வரிகளில் தொங்கியிருக்கிறது.

முதல் உலகப் போருக்கு முன் இரண்டு அணிகள் உருவான விதம்

1870-71 போரில் பிரான்சைத் தோற்கடித்து அல்சேஸ்-லொரேன் பகுதியை எடுத்துக்கொண்ட ஜெர்மனிக்கு ஒரு பயம் நிரந்தரமானது. பிரான்ஸ் ஒருநாள் கூட்டாளியோடு திரும்பி வரும். அதைத் தடுக்கவே ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1879-இல் ஆஸ்திரியா-ஹங்கேரியோடு கூட்டுச் சேர்ந்தார். 1882-இல் இத்தாலியும் அதில் சேர்ந்தது. ரஷ்யாவைப் பிரான்ஸ் பக்கம் போகவிடாமல் 1887-இல் ரகசிய நடுநிலை ஒப்பந்தம் ஒன்றும் செய்துகொண்டார். 1890-இல் பிஸ்மார்க் பதவி விலகிய பிறகு பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் அரசு அதைப் புதுப்பிக்கவில்லை. ஜெர்மனி செய்த பெரிய பிழைகளில் ஒன்று இது என்பதே என் கணிப்பு. நான்கே ஆண்டுகளில், 1894-க்குள், ரஷ்யாவும் பிரான்சும் ராணுவ உடன்பாட்டை உறுதிசெய்துவிட்டன.

அந்த உடன்பாட்டின் ஒரு விதியைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளில் ஒன்றோ படை திரட்டினால், பிரான்சும் ரஷ்யாவும் அந்தச் செய்தி கிடைத்தவுடன், தங்களுக்குள் கலந்து பேசக்கூட காத்திராமல், ஒரே நேரத்தில் முழுப் படையையும் திரட்ட வேண்டும். கடமை பிறக்க எதிரி சுட வேண்டியதில்லை. படையைக் கூட்டினாலே போதும். பிரான்ஸ் 13 லட்சம் பேரையும் ரஷ்யா 7 முதல் 8 லட்சம் பேரையும் ஜெர்மனிக்கு எதிராக நிறுத்த வேண்டும் என்று எண்ணிக்கையும் எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. யார் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்ததோ அந்த மக்களுக்கு இந்த வாசகம் தெரியாது.

1914: எந்தக் கண்ணி ஒப்பந்தத்தால் இழுக்கப்பட்டது?

ஜூன் 28-இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சரயேவோவில் கொல்லப்பட்டார். அடுத்து நடந்தவற்றில் ஒவ்வோர் அடிக்கும் எந்த ஒப்பந்தம் காரணம் என்று கேட்டுக்கொண்டே போவோம்.

1. ஜூலை 5, 6. செர்பியா மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் கூட நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி வாக்களித்தது. 1879 ஒப்பந்தம் இதைக் கேட்கவில்லை. ரஷ்யா தாக்கினால்தான் அது உயிர்பெறும். ஜெர்மனி ஒப்பந்தத்தைத் தாண்டித் தானாகவே கொடுத்த வாக்குறுதி இது.

2. ஜூலை 28. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர்ப் பிரகடனம் செய்தது. செர்பியாவைக் காக்க ரஷ்யாவுக்கு எழுத்துபூர்வமான கடமை கிடையாது. பால்கனில் தன் செல்வாக்கு போய்விடும் என்பதே ரஷ்யாவின் கவலை.

3. ஜூலை 30. ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. முந்தைய நாளே ஆணையிட்ட ஜார் நிக்கோலஸ், வில்ஹெல்மின் தந்தி வந்ததும் அதை நிறுத்திவைத்து, மறுநாள் அமைச்சர்களும் தளபதிகளும் வற்புறுத்திய பிறகு மறுபடி ஆணையிட்டார்.

4. ஆகஸ்ட் 1-இல் ரஷ்யா மீதும் ஆகஸ்ட் 3-இல் பிரான்ஸ் மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. செர்பியாவுக்காக ரஷ்யாவோடு தொடங்கிய சண்டைக்கு ஏன் பிரான்சைத் தாக்க வேண்டும்? ஜெர்மானிய ராணுவத்தின் திட்டம் அப்படி. முதலில் ஆறு வாரங்களில் பிரான்சை வீழ்த்திவிட்டு, பிறகு மெதுவாகத் திரளும் ரஷ்யாவைப் பார்த்துக்கொள்வது.

5. ஆகஸ்ட் 4. அந்தத் திட்டப்படி ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839-இலேயே உத்தரவாதம் தந்திருந்த பிரிட்டன் அன்றிரவு போர் அறிவித்தது.

ஐந்து அடிகளில் கூட்டணி ஒப்பந்தத்தின் வாசகம் கட்டாயப்படுத்தியதால் நடந்தது என்று முதல் மூன்றில் எதையும் சொல்ல முடியாது. நான்காவதில் ரஷ்ய-பிரெஞ்சு உடன்பாடு மறைமுகமாக வேலை செய்தது; இரண்டு எதிரிகளும் சேர்ந்தே வருவார்கள் என்று நம்பித்தான் ஜெர்மனி இரட்டைப் போருக்குத் திட்டம் போட்டிருந்தது. ஐந்தாவதில் இருந்தது 75 ஆண்டுப் பழைய உத்தரவாதம். அது யாருக்கு எதிராகவும் சேர்ந்த கூட்டணி கிடையாது.

போரை உண்மையில் துரத்தியது படை நகர்வுக்கான கால அட்டவணை. ஆகஸ்ட் 1 மாலை பெர்லினில் நடந்தது இதைக் காட்டும். பிரான்சைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கியிருக்கும் என்று பொருள்படும் ஒரு தந்தி லண்டனில் இருந்த ஜெர்மானியத் தூதரிடமிருந்து வந்தது. மகிழ்ந்துபோன வில்ஹெல்ம், அப்படியானால் முழுப் படையையும் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பிவிடலாம் என்று தலைமைத் தளபதி மோல்ட்கேயிடம் சொன்னார். மோல்ட்கே முடியாது என்றார். பத்து லட்சம் பேரின் நகர்வு பல மாத உழைப்பில், ரயில் வாரியாகத் திட்டமிடப்பட்டது; அதை ஒரே இரவில் மாற்றினால் கிழக்கே போய்ச் சேர்வது படையாக இருக்காது, உணவில்லாத ஆயுதக் கும்பலாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். சில மணி நேரத்தில் அந்தத் தந்தி தவறான புரிதல் என்று தெரிந்தது. ஆனால் பேரரசரே நினைத்தாலும் திருப்ப முடியாத திட்டத்தின் மேல் அந்த நாடு உட்கார்ந்திருந்தது அந்த மாலையில் வெளிப்பட்டுவிட்டது.

வராத இத்தாலி, வந்த பிரிட்டன்

இத்தாலி கையெழுத்திட்ட 1882 ஒப்பந்தம், நேரடியாகத் தூண்டாமல் இருக்கும்போது பிற வல்லரசுகளால் தாக்கப்பட்டால்தான் உதவ வேண்டும் என்றது. செர்பியாவைத் தாக்கியது ஆஸ்திரியா. ஆகவே எங்களுக்குக் கடமை எழவில்லை என்று ரோம் சொன்னது. பால்கன் நிலைமையை மாற்றும் முன் தங்களோடு பேசி, ஈடும் தர வேண்டும் என்று பிறகு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட ஏழாம் விதியையும் ஆஸ்திரியா மதிக்கவில்லை. சட்டப்படி இத்தாலியின் வாதம் வலுவானது. அதன் பின்னால் வேறு கணக்கும் இருந்தது. நீண்ட கடற்கரை கொண்ட இத்தாலி பிரிட்டிஷ் கடற்படையைப் பகைத்துக்கொள்ள முடியாது. அதன் நிலக்கரியும் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தே வந்தது. இத்தாலியர் தமதென்று கருதிய திரெந்தினோவும் திரியெஸ்தேயும் கூட்டாளியான ஆஸ்திரியாவின் கையிலேயே இருந்தன.

அந்த நிலங்களைத் தருவதாக பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய நேச நாடுகள் 1915 ஏப்ரல் 26-இல் லண்டனில் ரகசிய ஒப்பந்தம் போட்டன. மே 23-இல் இத்தாலி தன் பழைய கூட்டாளி மீதே போர் அறிவித்தது. ஜெர்மனி மீது மட்டும் 1916 ஆகஸ்ட் வரை அறிவிக்கவில்லை. 1883 முதல் ஜெர்மானிய அணியோடு ரகசியமாகச் சேர்ந்திருந்த ருமேனியாவும் இதே வழியில் முதலில் நடுநிலை வகித்து, 1916-இல் எதிர்ப்பக்கம் போனது.

பிரிட்டனின் கதை இதற்கு நேர் எதிர். 1912 நவம்பரில் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் போல் கம்போனும் கடிதங்கள் மாற்றிக்கொண்டார்கள். இரு நாட்டு ராணுவ வல்லுநர்கள் கலந்து பேசுவது எந்த அரசையும் கட்டுப்படுத்தாது என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதே காலத்தில்தான் பிரான்ஸ் தன் கடற்படையை மத்தியதரைக் கடலில் குவித்தது. பிரிட்டன் வட கடலில் கவனம் வைத்தது. விளைவாகப் பிரான்சின் வடக்குக் கடற்கரை காவலின்றி நின்றது. 1914 ஆகஸ்ட் 2-இல், ஜெர்மானியக் கப்பல்கள் ஆங்கிலக் கால்வாய்க்குள் வந்தால் தடுப்போம் என்று பிரிட்டிஷ் அமைச்சரவை வாக்குக் கொடுத்தபோது, ஒப்பந்தம் இல்லாமலேயே ஒரு கடமை உருவாகிவிட்டிருந்தது. இந்த இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கையெழுத்தைவிட இரண்டு படைகள் ஒன்றையொன்று நம்பித் தங்களை எப்படி நிறுத்திக்கொண்டன என்பது கனமானது என்று தெரியும்.

பிரிட்டன் இறங்கியபோது அதன் குடியேற்ற நாடுகளும் இறங்கின. அவற்றை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரிலும் இந்தியாவுக்கு அப்படித்தான்: 1939 செப்டம்பர் 3-இல் இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தது இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமல்தான். காங்கிரஸ் மாகாண அரசுகள் அதை எதிர்த்துப் பதவி விலகின.

இரண்டாம் உலகப் போர்: அச்சு நாடுகளின் கூட்டு எவ்வளவு பலவீனமானது

அச்சு நாடுகள் எனப்பட்ட ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் 1940 செப்டம்பர் 27-இல் பெர்லினில் முத்தரப்பு ஒப்பந்தம் செய்தன. நடந்துகொண்டிருந்த ஐரோப்பியப் போரிலோ சீன-ஜப்பான் மோதலிலோ அதுவரை சேராத ஒரு நாடு தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அதன் மூன்றாம் விதி. பெயர் சொல்லாமல் குறிவைத்தது அமெரிக்காவை. சோவியத் யூனியனுடனான உறவை இது பாதிக்காது என்று ஐந்தாம் விதி ஒதுக்கி வைத்தது.

ஒரே அணியாக வரைபடத்தில் தெரியும் இவர்கள் நடந்துகொண்டது மூன்று தனி நாடுகளாகத்தான். 1940 அக்டோபரில் முசோலினி ஹிட்லரோடு ஆலோசிக்காமல் கிரீஸைத் தாக்கினார். 1941 ஏப்ரல் 13-இல் ஜப்பான் சோவியத்தோடு நடுநிலை ஒப்பந்தம் செய்துகொண்டது. இரண்டே மாதத்தில் ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியபோது ஜப்பான் கிழக்கிலிருந்து வரவில்லை. அணியில் சேர்ந்த பல்கேரியா பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது, சோவியத் மீது அறிவிக்கவே இல்லை. ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்தை எதிர்த்த ஃபின்லாந்தோ முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை.

1941 டிசம்பர் 7-இல் ஜப்பான் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. தாக்கியது ஜப்பான் என்பதால், ஒப்பந்தப்படி ஜெர்மனிக்கு எந்தக் கடமையும் இல்லை. 1914-இல் இத்தாலி சொன்னதையே ஹிட்லரும் சொல்லியிருக்கலாம். அவர் டிசம்பர் 11-இல் அமெரிக்கா மீது போர் அறிவித்தார். அட்லாண்டிக்கில் அமெரிக்கக் கப்பல்களோடு ஏற்கெனவே மோதல் நடந்துகொண்டிருந்தது. பசிபிக்கில் அமெரிக்கா மாட்டிக்கொள்ளும் என்றும் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு ஜெர்மனியின் அழிவை விரைவுபடுத்தியது.

போலந்து விஷயத்திலும் வாசகத்தின் வலிமை தெரிகிறது. 1939 ஆகஸ்ட் 25-இல் பிரிட்டன் போலந்துக்குக் கொடுத்த உத்தரவாதத்தில் 'ஒரு ஐரோப்பிய வல்லரசு' தாக்கினால் என்று இருந்தது. அந்த வல்லரசு ஜெர்மனிதான் என்று ரகசிய இணைப்பு விளக்கியது. அதனால் செப்டம்பர் 17-இல் சோவியத் படை கிழக்குப் போலந்துக்குள் நுழைந்தபோது பிரிட்டனுக்குப் போர் தொடுக்கும் கட்டாயம் வரவில்லை.

எதிரிகள் எப்படி நேச நாடுகள் ஆனார்கள்?

வாசகர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். 1939-இல் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்த ஸ்டாலின் 1942-இல் சர்ச்சிலோடும் ரூஸ்வெல்ட்டோடும் ஒரே அணியில். மாற்றியது 1941 ஜூன் 22-இல் ஜெர்மனி தொடுத்த தாக்குதல்.

1942 ஜனவரி 1-இல் 26 நாடுகள் ஐக்கிய நாடுகள் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. தனியாகச் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. முதல் உலகப் போரிலும் 1914 செப்டம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா இதே உறுதியை எடுத்திருந்தன. 1918 மார்ச்சில் ரஷ்யாவின் போல்ஷெவிக் அரசு பிரெஸ்ட்-லித்தோவ்ஸ்கில் ஜெர்மனியோடு தனிச் சமாதானம் செய்து விலகியபோது அது உடைந்தது. இம்முறை அது காப்பாற்றப்பட்டது.

பிரகடனத்தில் ஒரு வரி நுட்பமானது. ஒவ்வோர் அரசும் தான் 'போரில் இருக்கும்' எதிரிகளுக்கு எதிராகத் தன் முழு வளத்தையும் பயன்படுத்தும் என்றது. சோவியத் ஜப்பானோடு போரில் இல்லை. இந்த வரி அதற்கு வழிவிட்டது. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் போனது என்றால், ஜப்பான் மீது குண்டுவீசிவிட்டு 1944-இல் சோவியத் எல்லைக்குள் தரையிறங்கிய அமெரிக்க பி-29 விமானங்களைக் கூட்டாளியான சோவியத் திருப்பித் தரவில்லை. அவற்றைப் பார்த்தே து-4 குண்டுவீச்சு விமானத்தைச் செய்துகொண்டது. அதே காலத்தில் கடன்-குத்தகைத் திட்டத்தில் அமெரிக்கா சோவியத்துக்குத் தந்த போர் உதவிப் பொருட்களில் ஏறத்தாழ பாதி, சோவியத் கொடி பறந்த கப்பல்களில், ஜப்பானின் கண் எதிரே விளாடிவஸ்தோக் போய்ச் சேர்ந்தது. 1945 ஆகஸ்ட் 8-இல்தான் சோவியத் ஜப்பான் மீது போர் அறிவித்தது.

இந்த அணி வென்றதற்கு நட்பு காரணமில்லை. அச்சு நாடுகளிடம் இல்லாத இரண்டு அதனிடம் இருந்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் 1942 தொடக்கத்தில் கூட்டுத் தளபதிகள் குழு அமைத்து ஒரே மேசையில் போரைத் திட்டமிட்டன. டெஹ்ரானிலும் யால்டாவிலும் மூன்று தலைவர்களும் நேரில் உட்கார்ந்து சண்டையிட்டுப் பேசி முடிவெடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் பெர்லினும் டோக்கியோவும் இப்படி ஒரு முறைகூட உட்காரவில்லை.

1945-க்குப் பிறகு: ஐந்தாம் விதியில் உண்மையில் என்ன இருக்கிறது?

1949 ஏப்ரல் 4-இல் 12 நாடுகளோடு நேட்டோ தொடங்கியது. 2024-இல் சுவீடன் சேர்ந்தபோது 32 ஆனது. அதன் ஐந்தாம் விதி, ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதல் எல்லார் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்கிறது. இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பகுதி, ஒவ்வொரு நாடும் 'தேவை என்று தான் கருதும்' நடவடிக்கையை எடுக்கும், ஆயுதப் பிரயோகமும் அதில் அடங்கலாம் என்கிறது. போர் அறிவிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் தயாராக இல்லாததால் வந்த வாசகம் இது. ஆறாம் விதி எல்லையையும் வகுக்கிறது. அதனால்தான் 1982-இல் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது ஐந்தாம் விதி எழவில்லை. தெற்கு அட்லாண்டிக் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இதுவரை அந்த விதி பயன்பட்டது ஒரே முறை, அமெரிக்கா மீதான 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு.

வாசகம் இவ்வளவு தளர்வானது என்றால் நேட்டோ வெறும் காகிதமா? இல்லை. 1912-இல் பிரெஞ்சுக் கடற்படை செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத் தலைமையகம், ஒரே தரத்தில் ஆயுதங்கள், எல்லை நாடுகளில் நிற்கும் பல நாட்டுப் படைகள் எல்லாம் சேர்ந்து அந்த விதிக்குப் பின்னால் எடை ஏற்றியிருக்கின்றன. எதிர்ப்பக்கம் 1955 மே 14-இல் சோவியத் தலைமையில் உருவான வார்சா ஒப்பந்த அமைப்பின் வாசகமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அதன் படைகள் கூட்டாகப் பெரிய அளவில் இறங்கியது 1968-இல், தன் உறுப்பு நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள். ருமேனியா அதில் கலந்துகொள்ள மறுத்தது.

இன்றைய ஒப்பந்தச் செய்திகளை எப்படிப் படிப்பது?

புதிய ராணுவ ஒப்பந்தம் பற்றிச் செய்தி வரும்போது கேட்க வேண்டியவை இவை.

1. கடமை எப்போது பிறக்கிறது? தாக்கப்பட்டாலா, படை திரட்டினாலா, ஆலோசித்த பிறகா? 2024 ஜூன் 19-இல் ரஷ்யாவும் வட கொரியாவும் செய்த ஒப்பந்தத்தின் நான்காம் விதி, ஆயுதப் படையெடுப்புக்கு ஆளானால் உதவி என்கிறது. உக்ரைன் படை ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்த பிறகு அங்கே போரிட்ட வட கொரிய வீரர்களுக்கு இந்த விதியையே காரணமாகக் காட்டினார்கள்.

2. எந்த நிலப்பரப்புக்குப் பொருந்தும்? 1960-இன் அமெரிக்க-ஜப்பான் ஒப்பந்தம் ஜப்பான் நிர்வகிக்கும் பகுதிகளுக்கு மட்டும். சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் அதில் அடங்கும் என்று 2014-இல் அதிபர் ஒபாமா வெளிப்படையாகச் சொன்னது பெய்ஜிங்குக்குத் தெரியட்டும் என்பதற்காகவே.

3. படை ஏற்கெனவே அங்கே நிற்கிறதா, கூட்டுத் தளபதி இருக்கிறாரா?

4. வந்தால் அந்தக் கூட்டாளிக்கு என்ன நட்டம்?

கடைசிக் கேள்விக்கு ஆர்மீனியா பட்ட பாடு பதில் சொல்கிறது. ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பில் அது உறுப்பினர். ஒருவர் மீதான தாக்குதல் எல்லார் மீதான தாக்குதல் என்று அதிலும் எழுதியிருக்கிறது. 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் உள்நாட்டுக் கலவரம் வெடித்தபோது இந்த அமைப்பு உடனே படை அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் அஜர்பைஜான் ஆர்மீனிய மண்ணுக்குள்ளேயே தாக்கியபோது, ஆர்மீனியா உதவி கேட்டது. ரஷ்யப் படை உக்ரைனில் சிக்கியிருந்தது. மற்ற உறுப்பினர்கள் சிலருக்கு அஜர்பைஜானோடு நல்ல உறவு இருந்தது. நிலைமையை ஆராய ஒரு குழு மட்டும் வந்தது. நவம்பரில் எரவானில் கூடிய உச்சி மாநாட்டின் பிரகடனத்தில் கையெழுத்திட ஆர்மீனியப் பிரதமர் நிக்கோல் பஷின்யான் மறுத்தார். 2024 பிப்ரவரியில், அந்த அமைப்பில் தங்கள் பங்கேற்பை முடக்கி வைத்திருப்பதாக அறிவித்தார்.